கிழக்கு பார்த்துப் படுத்த டவாலி

ஜீவராஜ் நயினாரின் நாய் நொண்டுவதை முதலில் பார்த்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எது நடந்தாலும் முதலில் பார்ப்பவன் நான்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலும் மூடியதற்குப் பின்னாலும் வேறு என்ன வேலை? என் வீட்டுக்கு மேற்கே நயினார் வீடு, கிழக்கே லாரி டிரைவர் ஜகபர் அலி வீடு. இரண்டு பக்கத்துக் கொல்லைச் சுவரும் என் தோள் உயரம்தான். சுவரை இன்னும் நாலு வரிசை உயர்த்திக் கட்டுங்கள் என்று என் மனைவி ராஜம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். நாயின் பெயர் டவாலி. செம்பட்டை நிறம், நெட்டையான கால்கள், மார்பில் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக இறங்கும் ஒரு வெள்ளைப் பட்டை. கோர்ட்டு வாசலில் குறுக்குப் பட்டையோடு நின்று பெயர் கூப்பிடுகிற டவாலியைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜகபர் அலியின் லாரியில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் குட்டியாக வந்து இறங்கியது. நயினாருக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். கோடவுனுக்குக் காவல் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்.

நயினார் வீட்டில் நாய் என்றதும் தெருவே மூக்கில் விரலை வைத்தது. சமண வீடு, வெங்காயம்கூட வாசல் தாண்டாது. அவர் மனைவி லீலாவதியம்மாள் மேல்சித்தாமூர்க்காரி, அங்கே சமண மடத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். "நாய் இருக்கட்டும். நாம சாப்டறத அது சாப்டணும். வேற ஒண்ணும் வாயில படக்கூடாது" என்று ஒரே நிபந்தனை போட்டாள். அன்றைக்கே டவாலிக்குப் புலால் மறுப்பு ஆரம்பமாகிவிட்டது. அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாளின் வாயில் டவாலி பெருமைதான். "ரைட்டரய்யா, பொறந்ததுலேந்து ஒரு எலும்பு மோந்து பார்த்ததில்ல. போன ஜென்மத்துல பெரிய நோன்பு நோத்த ஆத்துமாவா இருக்கும்." மடத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கேயும் சொல்லிவிட்டு வருவாள். ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் டவாலியைக் கொஞ்சம் எட்ட நின்று, மரியாதையாகப் பார்ப்பார்கள்.

நானும் ராஜம்மாளும் தலையாட்டுவோம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம்.

ஏனென்றால் எங்களுக்குத் தெரியும். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் நயினார் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொண்டையில் இறங்காது. டவாலிக்கும் அதே சட்டம். தயிர்சாதத்தை வைத்துவிட்டு, அடுப்பைக் கழுவி மெழுகிவிட்டு, லீலாவதியம்மாள் உள்ளே போவாள். டவாலி சட்டியைப் பாதி நக்கும். பிறகு சம்மன் கொடுக்கப் போகிறாற்போல நிதானமாகப் பின்சந்தில் கிழக்கே நடக்கும். என் கொல்லைக் கதவைத் தாண்டும். ஜகபர் அலி வீட்டுக் கொல்லைக் கதவை இடது முன்னங்காலால் ஒரே ஒரு தட்டுத் தட்டும். ஜகபரின் மனைவி பக்ருன்னிசா கதவைத் திறந்து, கறிக்குழம்பு ஊற்றிய சோறும் இரண்டு எலும்பும் வைப்பாள். நாலு வருஷமாக, தினமும்.

ஊரில் யார் வீட்டு நகை யார் வீட்டுக்குப் போனது என்பதை மறுநாள் விடியுமுன் வல்லம் வரைக்கும் சேர்த்துவிடுகிற நான், இந்த ஒன்றை மட்டும் வாயில் வெல்லக்கட்டி மாதிரி அடக்கி வைத்திருந்தேன். கரைத்துவிட்டால் தீர்ந்துபோகுமே.

அந்த மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், டவாலி வழக்கம்போல் வந்தது. கதவைத் தட்டக் காலைத் தூக்கியது. தட்டவில்லை. தூக்கிய காலை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. பிறகு வலது காலால் தட்டியது.

"இன்னாடி இது, டவாலி கைய மாத்துது?" என்றேன்.

ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

சுளுக்கு என்றார்கள். நயினார் வல்லத்திலிருந்து எலும்புக் கட்டுக்காரர் வீராசாமியை வரவழைத்தார். வீராசாமி மூங்கில் பத்தை, துணி, உளுந்து மாவு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "நாலு முட்டை குடுங்க" என்றார்.

"முட்டையா? இந்த வீட்டுக்குள்ளயா?" என்றாள் லீலாவதியம்மாள்.

"அம்மா, நாய் வாயில ஊத்தப் போறதில்ல. வெள்ளக்கரு எடுத்து மேல பூசறது. அப்பத்தான் கட்டு இறுகும்."

"மேலயும் வேணாம்."

"அப்ப கட்டு நிக்காது. பின்னால வீராசாமி சரியா கட்டலன்னு பேசக்கூடாது."

கஞ்சித் தண்ணீரில் உளுந்தைக் குழைத்துக் கட்டிவிட்டுப் போனார். பின்னால் நோய் இன்னதென்று தெரிந்த பிறகும், "அன்னைக்கே முட்டை போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது" என்று சொன்னவர்கள் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் உண்டு. நானும் இரண்டொரு இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டுக்கு மேலே விளாங்காய் அளவு வீக்கம். கல் மாதிரி இருந்தது. பங்குனி நடுவில் அது பெரிய விளாங்காய் ஆனது. டவாலி கோடவுன் வாசலில் படுத்து அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். எலி ஓடினால் கண் மட்டும் அதன் பின்னால் ஓடும்.

மாட்டு டாக்டர் சுந்தரமூர்த்தி வந்து வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். டவாலி குரைக்கவில்லை. டாக்டரின் மணிக்கட்டை வாயில் கவ்வியது. பல் பதியவில்லை, சும்மா பிடித்துக்கொண்டது. போதும், அழுத்தாதே என்று சொல்கிற பிடி. டாக்டர் மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"ஒண்ணரை மாசம் இருக்கும் டாக்டர். சுளுக்குன்னு..."

டாக்டர் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கையை ஒரு முறை கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். "பட்டணம் கொண்டுபோங்க. படம் எடுத்துப் பார்க்கணும்" என்றார். டாக்டர் இரண்டு முறை கை கழுவினார் என்பதை அன்று சாயங்காலம் பஜாரில் நான் சொன்னபோது, கேட்டவர்கள் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

மல்லாட்டை லோடு ஏற்றிப் போன ஜகபர் அலியின் லாரியில், டிரைவருக்கும் நயினாருக்கும் நடுவில் டவாலி பட்டணத்துக்குப் போனது. மூன்றாம் நாள் திரும்பினார்கள். நயினார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டியில் நாயின் உமிழ்நீர் காய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது.

"ரைட்டரே, எலும்புல புத்துநோயாம். படத்துல காட்டினாங்க. கரையான் அரிச்ச சட்டம் மாதிரி உள்ள ஒண்ணுமே இல்ல. ஊசி போட்டு முடிச்சிடலாம், இல்ல காலை எடுத்துடலாம். எடுத்தாலும் நாலஞ்சு மாசந்தானாம். அப்பறம் நுரையீரலுக்குப் போவுமாம். இருமல் வந்தா தெரிஞ்சிக்கோங்கன்னார்." குரலைத் தாழ்த்தினார். "அந்த இருமல் விஷயம் லீலாவுக்குத் தெரிய வேணாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அன்றைக்கு மேற்குச் சுவருக்கு அப்பால் நடந்த பேச்சு முழுவதையும் கேட்டேன். கேட்காமல் இருக்க வேண்டுமானால் நான் ஊரை விட்டுப் போயிருக்க வேண்டும்.

"ஊசின்னு சொன்னவங்ககிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

"உயிர் எடுக்கறது எங்க வீட்ல கெடையாதுன்னு சொல்லிட்டேன்."

"காலை வெட்டறது மட்டும் இம்சை இல்லியா? அது பண்ண வினைய அது அனுபவிச்சுத் தீக்கணும். நடுவுல நாம கத்தி எடுத்துட்டுப் போவக்கூடாதுங்க."

"வலியில கெடக்குது லீலா. நீ பார்த்துட்டுத்தானே இருக்கற?"

"பார்த்துட்டுத்தான் இருக்கறேன். உங்களவிட நாந்தான் பார்க்கறேன்."

பிறகு நயினார் சொன்னார்: "காலை எடுத்துடப் போறேன். பாவம் வந்தா என் தலைல வரட்டும். ஒன் தலைல இல்ல."

சித்திரை பிறந்த வாரத்தில் மறுபடியும் லாரியில் போனார்கள். நயினார் மண்டியைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் பட்டணத்தில் கிடந்தார். அந்த மனிதர் தன் கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் மண்டியைப் பூட்டினார்.

திரும்பி வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. ஜகபர் அலி லாரிக் கதவைத் திறந்தான். டவாலி இறங்கவில்லை, இறக்கினார்கள். இடது தோளிலிருந்து ஒன்றுமில்லை. மயிர் மழித்த தோல், அதில் நீளமாக ஒரு தையல். மார்புப் பட்டையின் மேல்முனையும் காலோடு போய்விட்டது. மண்டியில் சாக்குத் தைக்கிற பச்சமுத்து குனிந்து உற்றுப் பார்த்தான். "தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க. நூலுதான் மெல்லிசு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"வெட்டுன காலை இன்னா பண்ணாங்க பாய்?" என்று ஜகபரை ஓரமாகக் கேட்டேன். எல்லாரும் கேட்க நினைத்ததுதான். நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"பாட்டில்ல போட்டு வெச்சிக்கிட்டாங்கண்ணே. படிக்கிற புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு."

பல நாள் வரை அந்த பாட்டில் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நயினார் நாயைப் பார்த்துக்கொண்ட விதத்தைக் கேலி பண்ண எனக்கே மனசு வரவில்லை. கோணிச் சாக்கைக் கிழித்து மடித்து, மார்புக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிற மாதிரி ஒரு தூளி தைத்தார். வழவழப்பான சிமெண்டுத் தரையில் மூன்று கால் வழுக்குகிறது என்று, கூடத்திலிருந்து கொல்லை வரைக்கும் சாக்கு விரித்தார். காலையும் மாலையும் தூளியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, நாயோடு ஒரு அடி, நிற்பது, இன்னொரு அடி என்று நடப்பார். மண்டியில் ஏலம் கூவுகிற குரல், "மெல்ல, மெல்ல" என்று கெஞ்சும். நடந்தது. விழுந்தது. மறுபடியும் நடந்தது.

ஆனால் சாப்பிடவில்லை.

முதல் நாள் தயிர்சாதத்தை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. களைப்பு என்றார்கள். இரண்டாம் நாள் பால் மட்டும் நக்கியது. மூன்றாம் நாள் பாலையும் விட்டது, தண்ணீர் மட்டும். கொல்லைக் கூரைக்குக் கீழே சாக்கின் மேல் படுத்து, தலையைக் கிழக்குச் சுவர் பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டது. திருப்பிப் போட்டாலும் நகர்ந்து நகர்ந்து அதே திசைக்கு வந்தது.

புண்ணுக்கு மருந்து வைக்க வந்த டாக்டர் சுந்தரமூர்த்தி சட்டியைப் பார்த்தார். "சாப்டாம புண்ணு ஆறாதே. நயினார் வீடுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். கொஞ்சம் எலும்பு சூப்பு எங்கேந்தாச்சும்..."

"டாக்டர், அது பொறந்ததுலேந்து தொட்டதில்ல" என்றாள் லீலாவதியம்மாள். "ரைட்டரய்யாவையே கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். ராஜகிரியின் உச்சியில் இரண்டு கழுகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால், நாலு வருஷமாகச் சிரித்ததும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

அன்று மத்தியானம் அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா, மூன்று வருஷத்துக்கு முன்னால் மேல்சித்தாமூரில் சல்லேகனை என்ற உண்ணாவிரதம் எடுத்து உயிர் விட்டவர். உடம்பு இனி ஆகாது என்று தெரிந்ததும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, முதலில் சோற்றை விட்டார், பிறகு பாலை விட்டார், பிறகு வெறும் தண்ணீர். பதினெட்டு நாள். லீலாவதியம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொன்னவள். அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

"சோறு, பால், தண்ணி" என்று விரல் மடக்கினாள் என் மனைவியிடம். "கிழக்கு பார்த்துப் படுத்திருக்குது பாரு ராஜம்மா. எங்க அப்பாவும் இப்படித்தான் படுத்தார். யாரு சொல்லிக் குடுத்தது இதுக்கு? அது விரதம் எடுத்துடுச்சு."

கிழக்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என் கொல்லை இருந்தது. அதற்கு அப்பால், காற்று வீசும்போதெல்லாம் மசாலா வாசனை வருகிற பக்ருன்னிசாவின் அடுப்பு இருந்தது.

சட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். விரதம் எடுத்த ஜீவன் முன்னால் சோறு வைப்பது பாவம். நெய் விளக்கு ஒன்று ஏற்றி வைத்து, நாயின் காதருகில் உட்கார்ந்து நமஸ்கார மந்திரத்தை மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தாள். சுவருக்கு அப்பாலிருந்து காலையில் அது கேட்கும், மத்தியானம் கேட்கும், நான் ஆபீசிலிருந்து வரும்போதும் கேட்கும். ராஜம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். நாலாம் நாள் லீலாவதியம்மாளின் அண்ணன் குணபாலன் ஊரிலிருந்து ஆறு பேரோடு பஸ்ஸில் வந்தார். டவாலியைக் கைகூப்பிக் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மடத்துப் பெரியவர்களையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டவாலியின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. தையலின் ஓரம் சிவந்தது. ஈ மொய்த்தது. நயினார் பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தூளி சுவரில் மாட்டியபடி தொங்கியது.

"ரைட்டரே," என்றார் ஒரு நாள். விசிறி நிற்கவில்லை. "நான் அதைக் கேக்காம வெட்டினேன். அது என்னைக் கேக்காம போவுது. சரியாப் போச்சு."

அந்த ஒரு பேச்சு எனக்குச் சோற்றில் கல் மாதிரி அகப்பட்டது.

வெள்ளிக்கிழமை பக்ருன்னிசா கிழக்குச் சுவருக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரைட்டரண்ணே, நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நான் இன்னா சொல்றது?"

"ஒரு சட்டி கொழம்பு, ரெண்டு எலும்பு. அவ்ளோதான் அதுக்கு வேண்டியது. சாயங்காலம் ஆனா எனக்குக் கதவு தட்ற மாதிரியே இருக்குதுண்ணே. போயி தொறந்து பார்க்கறேன், யாரும் இல்ல."

உள்ளிருந்து ஜகபர் அலி கத்தினான். "பக்ரு, பேசாம உள்ள வா. நாலு வருஷமா அவங்க நாய்க்குக் கறி போட்டோம்னு தெரிஞ்சா, நயினார் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அவர் லோடு ஏத்தித்தான் நம்ம வண்டி ஓடுது."

"வண்டி ஓடட்டும். நாய் சாவட்டும். அப்படித்தானே?" என்று அவன் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ராஜம்மாள் துவைத்த துணியை என் தோளில் தொப்பென்று போட்டாள். "ஊர்ல நடக்காததெல்லாம் நடந்துச்சுன்னு சொல்ற வாய் இது. நடந்தத ஒண்ணு சொல்லச் சொன்னா பூட்டிக்குது. நாளான்னிக்கு ஞாயித்துக்கிழம. மடத்துக்காரங்க வந்து சரின்னு சொல்லிட்டா அப்பறம் யார் சொன்னாலும் நடக்காது. தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் பயம்.

சனிக்கிழமை காலை மண்டிக்குப் போனேன். மூட்டைகள் அடுக்கியபடி கிடந்தன. டவாலி இல்லாத கோடவுனில் எலிகள் பயமில்லாமல் குறுக்கே நடந்தன. நயினார் தராசுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறர் குறையை எழுதும்போது, 'சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்று சரளமாக ஆரம்பிப்பேன். அன்று எனக்கு முதல் வரி வரவில்லை.

"நயினாரே, டவாலி விரதம் எடுக்கல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பின்சந்து, பக்ருன்னிசா, சோறு, எலும்பு. நாங்கள் சிரித்ததையும் சொன்னேன்.

அவர் வெகு நேரம் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் தட்டும்னீங்களே. எந்தக் காலால?"

"இடது முன்னங்காலால."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கொல்லையில் லீலாவதியம்மாள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நயினார் சுவரிலிருந்து தூளியை எடுத்தார். நாயின் மார்புக்கு அடியில் கொடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்ததால், தூக்கியதும் மொத்தமாகக் கையோடு வந்தது.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"கிழக்க" என்றார்.

பட்டப்பகலில், பின்சந்து வழியாக, ஜகபர் அலி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். டவாலி தோளை ஒரு முறை அசைத்தது. தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நயினார் தன் கையால் கதவை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

பக்ருன்னிசா கதவைத் திறந்தவள் நயினாரைப் பார்த்து வெளிறிப்போனாள். அவர் கண்ணாலேயே நாயைக் காட்டினார். அவள் உள்ளே ஓடினாள்.

நான் என் கொல்லையில் துணி காயப்போடுகிற பாவனையில் நின்றேன். லீலாவதியம்மாள், கணவர் பின்னாலேயே சந்துக்குள் வந்து, என் கதவோரத்தில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவள் கால் போகவில்லை. முதலில் நக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடியும். பிறகு, மெதுவாக, எலும்பு நொறுங்குகிற சத்தம்.

அவள் உதடு மந்திரத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் என்னைப் பார்க்காமல்.

"தெரியும்மா."

"எத்தினி நாளா?"

"நாலு வருஷமா."

"நான் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுனீங்களே. ரெண்டு பேரும்." அவ்வளவுதான். திரும்பிப் போய் விளக்கை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மடத்துப் பெரியவர்களோடு குணபாலன் வந்தார். பாதித் தெரு வாசலில் நின்றது. எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று பார்க்க நானும் முன்வரிசையில்தான் நின்றேன். லீலாவதியம்மாள் வாசற்படியில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அது விரதம் எடுக்கல. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். நாலு வருஷமா அது பாய் வீட்ல கறி சாப்டுது. எல்லாரும் மோர் சாப்டுட்டுப் போங்க."

எனக்குச் சொல்வதற்கென்று அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. குணபாலன் மோர் சாப்பிடவில்லை. பிறகு பல மாதம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

வைகாசியில் டவாலி தூளி இல்லாமல் நடந்தது. ஆனியில் ஓடியது. மூன்று காலில் ஓடும்போது தலை மேலும் கீழும் ஆடும், தண்ணீர் இறைக்கிற ஏற்றம் மாதிரி. கோடவுனில் எலிகள் அடங்கின. மாலையில் தயிர்சாதம் பாதி, பிறகு பின்சந்து. தட்டக் கால் இல்லாததால், பக்ருன்னிசா அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்தே வைத்தாள். லீலாவதியம்மாள் அந்த நேரத்துக்குத் தன் வீட்டுக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்ததும் அதன் வாயைக் கழுவிவிடுவாள். அவரவர் சட்டம் அவரவருக்கு.

ஆனால் தெரு இருமலுக்குக் காது வைத்திருந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று ராஜம்மாள் சொல்வாள். யார் இருமினாலும் தலைகள் திரும்பும். ஆடிக் காற்றில் புழுதி தொண்டையில் பட்டு நான் ஒரு நாள் வாசலில் இருமினேன். மண்டியிலிருந்து நயினார் பாதி வேட்டியோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பலரும் துண்டை வாயில் வைத்துத்தான் இருமினார்கள். லீலாவதியம்மாள் மட்டும் ஏன் என்று கேட்கவேயில்லை. அவளுக்கும் யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். சத்தியமாக நான் இல்லை.

ஆவணி கடைசியில் ஒரு சாயங்காலம். டவாலி சந்தில் வந்தது. திறந்த கதவுக்கு முன்னால் நின்றது. சட்டியை மோந்தது. எலும்பை நாக்கால் ஒரு முறை தொட்டது. பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தது. என் கதவுக்கு நேராக வந்தபோது நின்று, கழுத்தை நீட்டி, காய்ந்த சருகு உடைகிற மாதிரி ஒரு முறை இருமியது.

நான்தான் முதலில் கேட்டேன். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன். யாரிடமும் போகவில்லை.

மறுநாளும் அது சாப்பிடவில்லை. தயிர்சாதத்தையும் தொடவில்லை. கூரைக்குக் கீழே படுத்தது. இந்த முறை தலை எந்தப் பக்கமும் இல்லை. போட்ட இடத்தில் கிடந்தது. லீலாவதியம்மாள் விளக்கை ஏற்றவில்லை. அதை விரதம் என்று நினைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் நாள், சூரியன் மலைக்கு மேலே இன்னும் ஒரு கை உயரம் இருக்கும்போது, அவள் பின்சந்தில் நடந்தாள். நாலு வருஷமாக நாய் நடந்த அதே வழி. ஜகபர் அலி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"பக்ரு, இன்னிக்கு இன்னா ஆக்கியிருக்கற?"

"கறிதான்... ஏம்மா?"

"ஒரு சட்டியில எடுத்துட்டு வா. எங்க வீட்டுக்கு."

பக்ருன்னிசாவுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம். "உங்க வீட்டுக்கா?"

"அதால இங்க வரமுடியல. நீ வந்து வெச்சுப் பாரு. நான் வெச்சா சாப்டாது. நீ வெச்சா சாப்டும்."

முட்டையை உள்ளே விடாத அந்த வாசலில், பக்ருன்னிசா கறிச்சட்டியோடு ஏறினாள். நயினார் எழுந்து நின்றார். நான் சுவரோரம் நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் டவாலியின் வாயருகில் சட்டியை வைத்து, எலும்பை எடுத்து மூக்கில் காட்டினாள். "சாப்டுடா. என் கண்ணு இல்ல. ஒரு வாய்."

டவாலி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. லீலாவதியம்மாளைப் பார்த்தது. வாலை ஒரு முறை தரையில் தட்டியது. பிறகு முகத்தைச் சட்டிக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"லீலா," என்றார் நயினார். "நான் வெட்டினது..."

"நாலு மாசம் ஓடுச்சுங்க" என்றாள் அவள். "நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

சட்டியை எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே, ஆவி அடங்கி, இருந்தது. லீலாவதியம்மாள் தரையில் உட்கார்ந்து, நாயின் காதருகில் குனிந்து, மந்திரத்தை ஆரம்பித்தாள். பக்ருன்னிசா போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் நின்றவள், பிறகு அவளும் உட்கார்ந்தாள். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியது. அந்த வீட்டில் அன்று யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்றைக்கு நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவின் இரண்டு முனைக்கும் அந்த மந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது.